ஏலகிரிக்கு சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது: டிக்கியா, கூரையா, டோ பாரா, காருக்குள்ளேயா?

பள்ளிக்கூடம் லீவு விடும் நேரம் வந்தால் எங்கள் சைக்கிள் வட்டத்தில் இந்தக் கேள்வியும் வந்துவிடும். "பசங்க சைக்கிளை ஏலகிரிக்கு எடுத்துட்டுப் போகணும், காருக்கு எந்த ரேக் வாங்கலாம்?" போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். சத்துவாச்சாரிக்காரர் ஒருவர்: சின்ன ஹேட்ச்பேக், இரண்டு பிள்ளைகள், இரண்டு சைக்கிள். காட்பாடியில் ஒரு தம்பதி: செடான் கார், இருவரிடமும் கார்பன் ஃபிரேம் ரோடு பைக். குடியாத்தத்தில் ஒரு வியாபாரி: ஸ்டெப்னியைப் பின்கதவில் சுமக்கும் பொலிரோ. மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்காவது பணம் வீணாகியிருக்கும்.

வேலூரிலிருந்து ஏலகிரி சுமார் 90 கிலோமீட்டர். பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே போக வேண்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே லாரி ஓயாத சாலை அது. பத்து வயதுப் பிள்ளையை அதில் சைக்கிள் மிதிக்க விட முடியாது. மேலே போய்விட்டால் புங்கனூர் ஏரிப் பக்கம் பிள்ளைகள் மனசார ஓட்டலாம். அமிர்தி, ஜவ்வாது மலை, காவலூர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஓட்ட நல்ல இடம் தள்ளி இருக்கிறது, போகும் வழி சைக்கிளுக்கு ஆகாது.

## முதலில் பார்க்க வேண்டியவை

கடைக்காரர் முதலில் கேட்பது காரின் மாடலை. நான் முதலில் கேட்பது, தூக்கப்போவது யார் என்பதை. ஹேட்ச்பேக் கூரை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். எஸ்.யூ.வி. என்றால் 1.7, 1.8 மீட்டர் வரும். நம் ஊரில் ஓடும் சாதாரண எம்.டி.பி. (மலைப்பாதைக்கான மவுண்டன் பைக்) சைக்கிள் 15 முதல் 18 கிலோ. அதைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் பட்டை மாட்ட வேண்டும். வீட்டு வாசலில் ஒரு தடவை செய்துவிடலாம். மலையில் நாள் முழுக்க மிதித்து, கால் தளர்ந்த பிறகு சாயங்காலம் திரும்ப ஏற்ற வேண்டுமே, அந்த இரண்டாவது தடவையை மனதில் வைத்துத்தான் ரேக் வாங்க வேண்டும். தோள்பட்டை வலி உள்ளவர்கள் இதைப் படித்ததோடு கூரை ரேக்கை மறந்துவிடலாம்.

அடுத்தது காரின் தாங்கு திறன். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று காரோடு வந்த கையேட்டில் இருக்கும். 50 முதல் 75 கிலோ வரை என்பது பரவலாகக் காணும் அளவு. அது சைக்கிளின் எடை மட்டும் இல்லை. குறுக்குக் கம்பி, கேரியர், சைக்கிள் எல்லாம் சேர்ந்த கணக்கு.

மூன்றாவது, சைக்கிளின் உடம்பு. மேல் குழாய் நேராக உள்ள சைக்கிள் எந்த ரேக்கிலும் தொங்கும். லேடீஸ் சைக்கிளும் சின்னப் பிள்ளைகள் சைக்கிளும் அப்படித் தொங்காது. கார்பன் ஃபிரேமை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஆகவே ஆகாது. மின்சார சைக்கிள் பலவும் 20 கிலோவைத் தாண்டும். நாலு அங்குல ஃபேட் டயர் பல ரேக்குகளின் பள்ளத்தில் உட்காராது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். நம்பர் பிளேட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எதையும் மறைக்கக் கூடாது. ஃபாஸ்டேக் முன்கண்ணாடியில் இருப்பதால் டோல்கேட்டில் கதவு திறந்துவிடும், அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்ந்த 194(1ஏ) பிரிவின்படி, சுமை பக்கவாட்டிலோ முன்பின்னோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் நீளம் 1.7 மீட்டருக்கு மேல். சின்ன காரின் அகலமே ஒன்றரை மீட்டர்தான். பின்னால் குறுக்கே மாட்டினால் இரண்டு பக்கமும் சக்கரம் எட்டிப் பார்க்கும். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் நீளம் குறைந்துவிடும்.

கடைசியாக, வருடத்தில் எத்தனை தடவை போவீர்கள் என்பது. இதற்கு உண்மையான பதிலை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு மேலே படியுங்கள்.

## காருக்குள்ளேயே வைப்பது

பலரும் இதை யோசிப்பதே இல்லை. பின்சீட்டை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினால் ஹேட்ச்பேக்கில் ஒரு பெரிய சைக்கிள் போகும். இரண்டு சக்கரத்தையும் கழற்றினால் இரண்டுகூட அடங்கும். செலவு ஒரு பழைய போர்வை. பெட்ரோல் செலவு ஏறாது, யாரும் திருட முடியாது, மழை படாது, நம்பர் பிளேட் பிரச்சினை இல்லை. தூக்கும் உயரம் இடுப்பளவுதான்.

இதில் மறைந்திருக்கும் விலை இடம். சீட்டை மடக்கினால் காரில் இரண்டு பேர்தான் போகலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது பெரிய நஷ்டம். இன்னொன்று செயின் கறை. சீட் துணியில் ஒட்டிய கறுப்பு கிரீஸ் எந்தச் சோப்புக்கும் போகாது. கியரை மிகச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுப் பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். கியர் மாற்றும் கருவியான டீரெய்லர் உள்ள வலப்பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள், செயினை ஒரு பழைய துணியால் சுற்றிவிடுங்கள். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரம் கழன்றிருக்கும்போது பிரேக் லீவரைத் தெரியாமல் அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொண்டு, சக்கரம் திரும்ப உள்ளே போகாது. இரண்டு பேடுக்கும் நடுவே நாலாக மடித்த அட்டைத் துண்டைச் செருகிவிட்டால் போதும்.

கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் சைக்கிளை விட்டுப் போகிறீர்கள் என்றால் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். நம் வேலூர் வெயிலில் நிறுத்திய காரின் உள்சூடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தனியாகவோ துணையோடு இருவராகவோ போகிறவர்கள் வேறு எதையும் வாங்கும் முன் இதை ஒரு தடவை செய்து பாருங்கள். விலை கூடிய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் நிம்மதி.

## டிக்கியில் பட்டையால் கட்டும் ரேக்

எளிதில் கிடைப்பதும் ரேக்குகளில் விலை குறைந்ததும் இதுதான். டிக்கி கதவின் விளிம்பில் கொக்கிகளை மாட்டி, பட்டைகளை இழுத்து இறுக்குவார்கள். நீட்டிய இரண்டு கைகளில் சைக்கிளின் மேல் குழாய் தொங்கும். இரண்டு சைக்கிள், சிலவற்றில் மூன்று. தூக்கும் உயரம் நெஞ்சுக்குக் கீழேதான், என் தங்கையே தனியாக ஏற்றிவிடுவாள். வேண்டாதபோது மடக்கிப் பரணில் போட்டுவிடலாம்.

இதன் குறைகள் கடையில் தெரியாது, சாலையில்தான் தெரியும்.

என் கையாலேயே பட்ட ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு சைக்கிளை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம். மகளின் சைக்கிள் வெளியே, என்னுடையது உள்ளே. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஓரமாக நிறுத்தி, பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க இறங்கினேன். ரப்பர் கருகிய நாற்றம். என் சைக்கிளின் முன்சக்கரம் கீழே தொங்கி, சைலன்சர் வாய்க்கு நேராக ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது. டயரின் பக்கச்சுவரில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு பளபளவென்று வழிந்த ஒரு தழும்பு. விரல் வைத்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது. இன்னும் இருபது கிலோமீட்டர் போயிருந்தால் டியூப் வெடித்திருக்கும். அன்றைக்கு நடுவழியில் எல்லாவற்றையும் இறக்கி, சைக்கிளைத் திருப்பி மாட்டினேன். அது முதல் கிளம்பும் முன் சைலன்சர் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நான் வண்டி எடுப்பதில்லை.

பெயிண்ட் கீறலும் உண்டு. கொக்கிக்குக் கீழே ஒரு மணல் துகள் மாட்டினாலும் அது அரைத்துக்கொண்டே வரும். ரேக் மாட்டும் முன் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைப்பது கட்டாயம். பின்கதவில் ஸ்பாய்லர் இருந்தால் மேல் கொக்கிக்கு இடம் கிடைக்காது. கண்ணாடி விளிம்பிலோ பிளாஸ்டிக் மூடியிலோ கொக்கியை மாட்டவே கூடாது, தகடு உள்ள விளிம்புதான் வேண்டும். சைக்கிள் தொங்கும்போது டிக்கியைத் திறக்க முடியாது. ஆகவே தண்ணீர் பாட்டில், பிள்ளைகளின் மாற்றுத் துணி எல்லாம் முன்னாலேயே இருக்க வேண்டும். லேடீஸ் சைக்கிள் என்றால் சீட் தண்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே மாட்டும் பொய்க் குழாய் ஒன்று தனியாக வாங்க வேண்டும்.

வெயிலில் பட்டையின் நைலான் நூல் வெளுத்து நைந்துபோகும். நிறம் மங்கி, விளிம்பில் பிசிறு தெரிந்தால் அந்தப் பட்டையை மாற்றிவிடுங்கள்.

வருடத்தில் நாலைந்து தடவை போகும் குடும்பத்துக்கு, சைக்கிள் சாதாரணமானது என்றால், இது சரியான பொருள்.

## கூரை

கூரை ரேக்கின் பெரிய பலம், பின்பக்கம் முழுக்கச் சுதந்திரமாக இருப்பது. டிக்கி திறக்கும், விளக்கு தெரியும், நம்பர் பிளேட் தெரியும், சைலன்சர் பயம் இல்லை. சைக்கிளும் சைக்கிளும் உரசாது. கார்பன் ஃபிரேமுக்கும் ஏற்றது. முன்சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் ஃபோர்க்கைப் பூட்டும் வகையையோ, சக்கரத்தை மட்டும் பிடிக்கும் வகையையோ வாங்க வேண்டும். ஃபோர்க் வகையில், உங்கள் சைக்கிளில் இருப்பது பழைய குவிக் ரிலீஸா (லீவரைத் திருப்பிக் கழற்றும் மெல்லிய அச்சு), 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்ஸிலா (முறுக்கிப் பூட்டும் தடித்த அச்சு) என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள். ஒன்றுக்கானது மற்றதற்குப் பொருந்தாது, அதற்கென்று அடாப்டர் வேண்டும்.

விலை இங்கே படிப்படியாக ஏறும். முதலில் குறுக்குக் கம்பிகள், பிறகு ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனித்தனி கேரியர், பூட்டு வேறு. பிறகு பெட்ரோல். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், 80-இல் போவதைவிட 100-இல் போனால் ஒன்றரை மடங்குக்கும் மேல். கூரையில் இரண்டு சைக்கிள் நிற்கும்போது 80-ஐத் தாண்டாமல் ஓட்டுவது பணத்துக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. ஏலகிரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டியவை. மேலே எடை ஏறிய கார் அந்தத் திருப்பங்களில் சாய்வதை ஸ்டீயரிங்கிலேயே உணரலாம்.

உயரத்தை மறந்துவிடுவது இன்னொரு ஆபத்து. காரும் சைக்கிளும் சேர்ந்தால் இரண்டரை மீட்டரைத் தாண்டும். வீட்டு போர்டிகோ, ஓட்டல் வாசல் வளைவு, ரயில்வே தரைப்பாலத்தின் உயரத் தடுப்புக் கம்பி, தாழ்ந்த புளியங்கிளை எல்லாமே எதிரி. ஏற்றிய பிறகு ஒரு டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள்.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துகொண்டால் பாதி விலையில் முடியுமே என்று நானும் போனேன். தோட்டப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். "சதுரக் குழாயில போட்டுத் தரேன் நைனா, பத்து வருஷம் அசையாது."

"எவ்ளோ வெயிட் வரும்ணே?"

மனசிலேயே கணக்குப் போட்டார். "இருபத்தஞ்சு கிலோ வரும்."

என் கார் கையேட்டில் கூரைக்கு 50 கிலோ. இரண்டு சைக்கிள் 32 கிலோ. கூட்டினால் 57. கணக்கைச் சொன்னதும் அவரே, "அப்போ வேணாம், தகடு உள்ள வாங்கிக்கும்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர். இரும்பு ரேக் செய்வதில் தவறே இல்லை. கூரைக்கு அந்த எடை ஆகாது, அவ்வளவுதான். பிக்கப் வண்டியின் தொட்டியில் சைக்கிள் நிறுத்தும் சட்டம் அடிக்க அவரைப் போன்ற ஆள்தான் வேண்டும்.

## டோ பாரும் ஸ்டெப்னியும்

வண்டியின் பின்னால் சேசிஸில் பொருத்திய இழுவைக் கம்பியான டோ பாரில் நிற்கும் மேடை ரேக், ஏற்றுவதற்கு எல்லாவற்றிலும் சுலபம். முழங்காலுக்குச் சற்று மேல் தூக்கினால் போதும். சக்கரம் பள்ளத்தில் நிற்கும், ஃபிரேமில் எடை இறங்காது. மின்சார சைக்கிளுக்கு இதைத்தான் சொல்வேன், பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டு ஏற்றுங்கள்.

ஆனால் நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் டோ பார் இல்லை. அதைப் பொருத்தும் செலவு, ரேக்கின் செலவு, இரண்டும் சேர்ந்தால் இருப்பதிலேயே விலை கூடியது இதுதான். வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மேடை தாழ்வாக நிற்பதால் நம்பர் பிளேட்டும் விளக்கும் மறைய வாய்ப்பு மிக அதிகம். வண்டியின் நீளமும் கூடும். உயரமான வேகத்தடையில் இறங்கும்போது ரேக்கின் அடி தரையில் இடிக்கும்.

பின்கதவில் ஸ்டெப்னி உள்ள வண்டிகளுக்கு, ஸ்டெப்னி மேலேயே கட்டும் ரேக் உண்டு. பெயிண்ட்டில் எதுவும் படாது, விலையும் நடுத்தரம். கதவின் கீல்தான் முழு எடையையும் தாங்குகிறது. ஸ்டெப்னியோடு சேர்த்து இரண்டு சைக்கிளுக்கு மேல் ஏற்றாதீர்கள். கதவு ஏற்கெனவே கடகடவென்று ஆடுகிற பழைய வண்டி என்றால் முதலில் கீலைச் சரிசெய்யுங்கள்.

## குட்டி யானை

நாலு குடும்பம் சேர்ந்து போகிறீர்களா? யாரும் ரேக் வாங்க வேண்டாம். ஒரு குட்டி யானையை, அதாவது டாடா ஏஸ் மினி லாரியை, வாடகைக்குப் பேசுங்கள். தொட்டி ஏழடி நீளம். தலைமாற்றித் தலைமாற்றி நிறுத்தினால் ஆறு சைக்கிள் தாராளமாக நிற்கும், நடுநடுவே பழைய கோணிச் சாக்கு. ஆட்கள் பின்னால் ஏறக் கூடாது, சரக்கு வண்டியில் அது சட்ட விரோதம், ஆபத்தும்கூட. டிரைவருக்குக் காத்திருப்பு வாடகை எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். மறைவான செலவு என்று இதில் இருப்பது அது ஒன்றுதான்.

| | தூக்கும் உயரம் | செலவு | கவனிக்க வேண்டியது | யாருக்கு |
|---|---|---|---|---|
| காருக்குள் | இடுப்பளவு | ஏறக்குறைய இல்லை | சீட் போய்விடும், கிரீஸ் கறை | ஒருவர், இருவர் |
| டிக்கி ரேக் | நெஞ்சளவு | குறைவு | சைலன்சர், கீறல், நம்பர் பிளேட் | எப்போதாவது போகும் குடும்பம் |
| கூரை | தலைக்கு மேல் | அதிகம் | கூரை எடை, உயரம், பெட்ரோல் | செடான், கார்பன் சைக்கிள் |
| டோ பார் | முழங்காலுக்கு மேல் | மிக அதிகம் | விளக்கு மறைவு, வேகத்தடை | வாராவாரம் போகிறவர், மின்சார சைக்கிள் |
| ஸ்டெப்னி ரேக் | நெஞ்சளவு | நடுத்தரம் | கதவுக் கீல் | பின்கதவில் ஸ்டெப்னி உள்ள வண்டி |
| குட்டி யானை | இருவர் சேர்ந்து ஏற்றலாம் | வாடகை, பங்கு போட்டால் குறைவு | காத்திருப்பு வாடகை | கூட்டமாகப் போவோர் |

## அந்த மூவருக்கும் சொன்னது

சத்துவாச்சாரிக்காரருக்கு டிக்கி ரேக். பிள்ளைகள் சைக்கிளின் மேல் குழாய் சாய்வாக இருந்ததால் பொய்க் குழாய் இரண்டும் சேர்த்து வாங்கச் சொன்னேன். காட்பாடித் தம்பதி இருவரும் மட்டும் போகிறவர்கள், அதனால் முதலில் காருக்குள்ளேயே வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர்கள் செடானில் பின்சீட் மடங்கவில்லை. சக்கரங்கள் டிக்கியிலும் ஃபிரேம்கள் பின்சீட்டிலும் போய்விட்டன, இன்றுவரை ரேக் வாங்கவில்லை. இருவரும் ஒவ்வொரு ஞாயிறும் கிளம்ப ஆரம்பித்தால் அப்போது கூரைக்குப் போகலாம். குடியாத்தத்துக்காரருக்கு ஸ்டெப்னி ரேக். அவர் டோ பார் வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தார். வருடத்தில் எத்தனை தடவை என்று கேட்டேன், "ரெண்டு தடவைங்க" என்றார்.

## ஏற்றும்போது

எந்த ரேக் ஆனாலும் காலியாக இருக்கும்போதே ஆட்டிப் பாருங்கள். ரேக் ஆடினால் கார் சேர்ந்து ஆட வேண்டும், ரேக் மட்டும் தனியாக அசையக் கூடாது. பின்பக்க ரேக்கில் எடை கூடிய சைக்கிள் காரை ஒட்டி, லேசானது வெளியே. ஒன்றின் ஹேண்டில் இடப்பக்கம் என்றால் அடுத்தது வலப்பக்கம். பெடல் பக்கத்துச் சைக்கிளைக் குத்தினால் கழற்றிவிடுங்கள், 15-ஆம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். உரசும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். அதே டியூபின் நீளத் துண்டு ஒன்றால் முன்சக்கரத்தை ஃபிரேமோடு கட்டுங்கள். கட்டாவிட்டால் அது காற்றில் சுற்றிக்கொண்டே ஹேண்டிலைத் திருப்பி, கண்ணாடியில் இடிக்கும். பாட்டில், பம்ப், சைக்கிள் லைட், சீட்டுக்கடியில் தொங்கும் பை எல்லாம் காருக்குள். தொங்கும் பட்டை நுனிகளை முடிந்துவிடுங்கள், இல்லையென்றால் வழிநெடுக படபடவென்று அடிக்கும்.

பிறகு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, இண்டிகேட்டர் போடச் சொல்லி, பத்தடி பின்னால் தள்ளி நின்று பாருங்கள். விளக்குகளும் நம்பரும் தெரிந்தால் கிளம்பலாம். ஐந்து கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்திப் பட்டையை இழுத்துப் பாருங்கள், புதிதாகக் கட்டிய பட்டை முதல் சில கிலோமீட்டரில்தான் தளரும். அடுத்த தடவை பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி, ஓரமாக.